இன்னாரின் பிள்ளை

வாஷிங்டனில் உள்ள வியட்நாம் போர் நினைவுச் சுவர் 1982-இல் எழுப்பப்பட்டது. கறுப்பு கிரானைட்டில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். எல்லாம் அமெரிக்கப் படையில் இருந்தவர்களுடையவை. நீளம் ஏறக்குறைய 150 மீட்டர். அங்கே வந்து மகனின் பெயரை விரலால் தடவும் தாயிடம் குறை காண எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் போரில் இரு தரப்பிலும் பொதுமக்கள் மட்டுமே 20 லட்சம் பேர்வரை மாண்டிருக்கலாம் என்று வியட்நாம் அரசு 1995-இல் கணக்குச் சொன்னது. அவர்களையும் அதே எழுத்தளவில் பொறித்தால் சுவர் ஐந்து கிலோமீட்டர் ஓடும்.

நம் வீட்டுச் சாவுக்கு முகம் உண்டு, குரல் உண்டு. தொலைதேசத்துச் சாவு நம்மிடம் எண்ணாகத்தான் வந்து சேர்கிறது. அந்த எண்ணும் நேற்றையதைவிடப் பெரிதாக இருந்தால்தான் நிமிர்ந்து பார்க்கிறோம். போரை நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு வசதி!

ஆனாலும் இதைப் பாவம் என்று சொல்லத் துணியமாட்டேன். பாசம் எங்காவது தொடங்கித்தானே ஆகவேண்டும்? உலகத்துக்கே உருகுகிறேன் என்பவர் அடுத்த வீட்டுத் துக்கத்துக்கு எட்டிப்பார்க்காததும் உண்டு. தர்ப்பணத்தில் முதலில் எள்ளும் நீரும் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும்தான். சடங்கு அதோடு நிற்பதில்லை. நீர்விட யாருமில்லாமல் போனவர்களுக்கும் கடைசியில் ஒரு பங்கு உண்டு. அவர்களுடைய பெயரையோ கோத்திரத்தையோ யாரும் கேட்பதில்லை.

ஜப்பானின் ஒகினாவாவில், மபுனி குன்றின்மேல், இதற்கு நெருக்கமான ஒன்றைக் கல்லில் செய்திருக்கிறார்கள். 1945-இல் அந்தத் தீவில் நடந்த சண்டையில், அங்கே வாழ்ந்தவர்களில் நாலில் ஒருவர் மாண்டார். ஐம்பது ஆண்டு கழித்து, 1995 ஜூன் 23 அன்று, கடலைப் பார்த்தபடி நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த மசாஹிதே ஓட்டா, மாணவப் பருவத்தில் அதே சண்டைக்கு இழுக்கப்பட்டு உயிர் தப்பியவர். அந்தக் கற்களில் இன்று 2,40,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஊர்மக்கள், ஜப்பானியச் சிப்பாய்கள், கொரியர்கள். கூடவே, எதிரிகளாக வந்து இறங்கிய அமெரிக்கர்கள் சுமார் 14,000 பேர்.

அந்தக் கற்களில் சிலரைப் பெயரில்லாமலே பொறித்திருக்கிறார்கள். இன்னாரின் மூத்த மகன், இன்னாரின் பிள்ளை, அவ்வளவுதான். குடும்பமே அழிந்துபோனதால், குழந்தையை என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. கணக்கில் ‘மற்றும் பலர்’ என்று போட்டு முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஒரு பிள்ளைக்கு ஒரு வரி ஒதுக்கினார்களே, அதில் எனக்கு வழிபாட்டுக்கு ஈடான பொறுமை தெரிகிறது.

இதையும் எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அந்தச் சண்டையை நடத்திய ஜப்பானியத் தளபதி உஷிஜிமாவின் பெயரும் அங்கே இருக்கிறது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே வரிசையா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. கொரியக் குடும்பங்கள் சில, தங்களவர் பெயரை ஜப்பானியரோடு சேர்த்துப் பொறிக்க மறுத்துவிட்டன. அந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. சாவைச் சமமாக எண்ணலாம். அந்தச் சாவுக்குக் காரணமானவர்களின் கணக்கைத் தனியாகத்தான் வைக்கவேண்டும்.

அங்கே பெயர்ச் சேர்ப்பு இன்னும் முடியவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 23-க்கு முன்பு புதிய பெயர்களைச் செதுக்குகிறார்கள். எண்பது ஆண்டுக்கு முன் இறந்த ஒருவரின் உறவினர் யாரோ, எங்கிருந்தோ, அவருக்காக இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருப்பார்.