பாழ்மனையும் பொது விருப்பமும்

நகரில் கைவிடப்பட்டுக் கிடக்கும் ஒரு சிறு நிலத்தை எவ்வாறு சீர்படுத்துவது என்பது பொறியாளருக்குரிய வினாவாகத் தோன்றலாம். உண்மையில் அஃது ஓர் அறநெறி வினா. அவ்விடம் எவ்வாறு அமைய வேண்டும் என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? கற்றறிந்த வல்லுநருக்கா, அருகில் வாழும் மக்களுக்கா?

ஆம்ஸ்டர்டாம் நகரம் இதற்கு ஒரு விடை தந்தது. 1947-இல் அந்நகராட்சியில் பணியாற்றிய இளம் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக், பெர்டெல்மான்பிளைன் என்னும் சிறு சதுக்கத்தில் சிறுவர் விளையாடுமிடம் ஒன்றை அமைத்தார். மணல் தொட்டி, தாண்டிக் குதிக்கக் கற்கள், தொங்கி விளையாடக் கம்பிகள், மரங்கள், சில இருக்கைகள், அவ்வளவே. அதைக் கண்ட பிற பகுதியினர் தங்களுக்கும் ஒன்று வேண்டுமென நகராட்சிக்கு எழுதினர். வெற்று மனைகளிலும் தெருமுனைகளிலும் ஒவ்வொன்றாகத் தோன்றி, 1978-க்குள் அவை 700-க்கும் மேற்பட்டன.

இங்கு மக்கள் விருப்பமே வழிகாட்டியது. ஆயினும் விருப்பம் மட்டும் போதுமா? கடிதம் எழுதத் தெரிந்தவர் கேட்பார், குழந்தை எழுதாது. அயலார் நுழையாதிருக்க வேலி வேண்டும் என்பதும் ஒரு விருப்பமே. மேலும், அந்நகரின் யூதர் பகுதியில் பல மனைகள் வெறுமையானதன் காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாடு கடத்தப்பட்டோரின் வீடுகளிலிருந்து, 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் மரச்சட்டங்கள் விறகுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன, வீடுகள் இடிந்தன. அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. அவர்களுடைய விருப்பத்தை எந்தக் கூட்டமும் இனிக் கேட்டறிய இயலாது.

ஆகவே, மக்கள் விருப்பத்தைத் தேவையின் அறிகுறியாகக் கொள்ளலாம். இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அதைப் புறக்கணிக்கும் வல்லுநர் ஆணவத்தில் விழுகிறார். ஆராயாது நிறைவேற்றுபவரோ தம் பொறுப்பைத் தட்டிக் கழிக்கிறார். வான் ஐக் மக்கள் கேட்ட இடத்தில் அமைத்துக் கொடுத்தார். ஆனால் விலங்கு உருவங்களை வைத்து இப்படித்தான் விளையாட வேண்டும் என்று விதிக்கவில்லை. வளைந்த கம்பி ஒரு குழந்தைக்குக் கூடாரமாகும், மற்றொன்றுக்குக் கோட்டையாகும். கேளாதவருக்கும் அங்கே இடம் இருந்தது.

சிறிய அளவுக்கும் ஓர் அறம் உண்டு. பெருந்திட்டம் தவறினால் ஒரு தலைமுறை அதைச் சுமக்கும். மணல் தொட்டி தவறான இடத்தில் அமைந்தால் அதை அகற்றிவிடலாம். வான் ஐக்கின் விளையாடுமிடங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தேவை மாறும்போது விலகி வழிவிடுவதும் பணிவின் ஒரு வடிவம் அன்றோ!

நம் தெருவிலும் குப்பை மேடாகிவிட்ட மூலை ஒன்று இருக்கக்கூடும். அதற்காக நாம் கூடும்போது, நமக்கு என்ன வேண்டும் என்று பேசுவோம். கூட்டத்துக்கு வர இயலாதவருக்கு அதில் என்ன இடம் என்ற கேள்வியையும் எவரேனும் ஒருவர் எழுப்பட்டும்.