நிந்தை, துதி, சமையலறை

உணவகத்தைப் பற்றி வாடிக்கையாளர் இணையத்தில் எழுதும் குறை, உரிமையாளரை இரண்டு இடங்களில் தொடுகிறது. ஒன்று கல்லா, மற்றொன்று மனம். கல்லாவின் நஷ்டத்தை மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துவிடலாம். மனத்துக்கு நேர்வதைத்தான் சமயங்கள் ‘நிந்தை’ என்று பெயரிட்டு நெடுங்காலமாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. பகவத் கீதை 12, 14 ஆகிய இரு அத்தியாயங்களிலும், துதியையும் நிந்தையையும் ஒன்றாகக் கொள்வதை உயர்ந்தோரின் இலக்கணமாக வைக்கிறது. பௌத்தம் மனிதரை அலைக்கழிக்கும் எட்டு உலக தர்மங்களில் இவ்விரண்டையும் சேர்க்கிறது. ஆனால் விற்றுப் பிழைப்பவருக்கு இது பொருந்துமா என்பதே கேள்வி. குறையைப் பொருட்படுத்தாத துறவியை உலகம் ஞானி என்கிறது. குறையைப் பொருட்படுத்தாத ஓட்டல்காரர் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

திருவண்ணாமலையில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. அருணாசலேசுவரர் கோயிலை ஒட்டிய தெருக்களிலும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் உள்ள உணவகங்கள் ஒரே சமையலறையில் இரண்டு ஊர்களுக்குச் சமைக்கின்றன. சாதாரண நாளில் ஓர் ஊர். பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றும்போது வேறோர் ஊர். அன்று இட்லி ஆறியிருக்கும், சட்னி தீர்ந்திருக்கும், மேசை துடைக்க ஆள் வந்திருக்க மாட்டார். பசியோடும் கால்வலியோடும் உட்கார்ந்தவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறார். அவர் எழுதியது பொய்யில்லை. ஆனால் அந்த இரவு விடிந்துவிடுகிறது. எழுத்து அப்படியே நிற்கிறது. கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வேறொருவர் அதைப் படித்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார். வாய்ச்சொல்லாக இருந்த காலத்தில் நிந்தைக்கு மறதி என்றொரு மருந்து இருந்தது. இப்போது அது இல்லை.

சுவையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஆந்திராவிலிருந்து வரும் யாத்ரீகருக்கு உறைப்புப் போதாத சாம்பார், செங்கம் சாலைப் பக்கம் தங்கும் வெளிநாட்டவரின் நாக்கைச் சுடுகிறது. பேசாதவருக்கும் பழி உண்டு, மிகுதியாகப் பேசுபவருக்கும் உண்டு, அளவறிந்து பேசுபவருக்கும் உண்டு என்று அதுலன் என்ற உபாசகருக்குப் புத்தர் விளக்கியதாகத் தம்மபத மரபு கூறுகிறது. பழியே வராத கடையைத் தேடுபவர் இல்லாத ஒன்றைத் தேடுகிறார்.

இதே ஊரில் வாழ்ந்த ரமண மகரிஷியின் வாழ்வில் இக்கேள்விக்கு ஒரு தெளிவு கிடைக்கிறது. 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்த அவர், 1950 ஏப்ரல் 14 அன்று மறையும்வரை ஊரைவிட்டு வெளியே போகவில்லை. முன்பு மலைக்குகையில் அவரோடு இருந்த ஒருவர் 1930-களில் ஆசிரமத்தின் மீது வழக்குத் தொடுத்ததோடு, ரமணரையே இழித்துரைக்கும் நூலொன்றையும் அச்சிட்டார். ஆசிரமத்தார் கொதித்தனர். ரமணரோ, அதை ஆசிரம வாசலிலேயே விற்கலாமே என்றாராம். அந்நூலை நம்புகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள், கூட்டம் குறையும் என்பது அவர் சொன்ன காரணம் என்று அடியார்களின் நினைவுக் குறிப்புகள் தெரிவிக்கின்றன.

இதை மட்டும் எடுத்துக்கொண்டால், ஓட்டல்காரருக்கு அதில் பயனில்லை. கூட்டம் குறைவது அவருக்கு விடுதலை ஆகாது. ஆனால் அதே ரமணர் ஆசிரமச் சமையலறையில் எப்படி இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து அவரே காய் நறுக்கினார். சம்பூர்ணம்மாள் போன்ற சமையல் செய்த பெண்களுக்குப் பக்குவம் சொல்லிக் கொடுத்தார். கீழே சிந்திய தானியத்தையும் பொறுக்கினார். தம் இலையில் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தால் கடிந்துகொண்டார். பந்தியின்போது பரிமாறுபவர் ஒருவர் ‘பரதேசிகள் காத்திருக்கட்டும்’ என்று உரக்கச் சொன்னதைக் கேட்டு, தாமும் பரதேசிதானே என்று எழுந்துபோய் ஏழைகளோடு அமர்ந்தார் என்பது ஆசிரமத்தில் வழங்கும் செய்தி. அதன்பின் ஏழைகளுக்கே முதலில் சோறிடப்பட்டது.

தம்மைப் பற்றி ஒரு புத்தகமே வந்தபோது அசையாதவர், பந்தியில் விழுந்த ஒரு கடுஞ்சொல்லுக்கு எழுந்துவிட்டார். இதில் முரண் இல்லை. நிந்தையைச் சமமாகக் கொள்வது என்பது ‘நான்’ என்ற எண்ணத்தைப் பற்றியது. சாம்பாரும் இலையும் பரிமாறும் குரலும் அதில் சேராதவை. அவற்றில் முழுக் கவனம் வேண்டும். பெரும்பாலான உரிமையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எழுதியவர் யார், போட்டிக் கடைக்காரரா என்று இரவெல்லாம் தேடுகிறார்கள். சட்னி புளித்திருந்ததா என்று கேட்பதில்லை.

திருக்குறள் இந்தப் பிரிப்புக்கு உதவுகிறது. புறங்கூறலை ஓர் அதிகாரத்தில் கண்டிக்கும் வள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என்ற வேறோர் அதிகாரத்தில், இடித்துரைப்பவர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறார். இணையக் குறை இரண்டும் கலந்த ஒன்று. எதிரில் நின்று சொல்லாமல் வெளியேறிய பின் எழுதப்படுவதால் வடிவத்தில் அது புறங்கூறல். உள்ளே பல நேரங்களில் இருப்பதோ இடித்துரை. வடிவம் தந்த வலியில் உள்ளடக்கத்தைத் தூக்கி எறிவது உரிமையாளருக்கே நஷ்டம்.

துதிக்கும் இதே விதிதான், இதைச் சொல்வார் குறைவு. ஐந்து நட்சத்திரத்தைக் கண்டு உச்சி குளிர்ந்தவர், ஒரு நட்சத்திரம் தன்னைக் கலங்கடிக்கும் உரிமையை அப்போதே கொடுத்துவிட்டார். காசு கொடுத்துப் பாராட்டு எழுதவைப்பவர் இன்னும் ஆழத்தில் விழுகிறார்: பொய் என்று தானே அறிந்த சொல்லில் ஆறுதல் தேடுகிறார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்காக ஐ.எஸ். 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய மதிப்புரைகளைத் தடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. தரநிலை வருவதற்கு முன்பே அறம் சொன்னதுதான் அது.

முழுப் பொய்யாக எழுதப்பட்டதற்கு மௌனம்தான் பதிலா? ரமணர் புத்தகத்துக்கு மறுப்பு எழுதவில்லை. ஆனால் வழக்கில் ஆணையர் ஆசிரமத்துக்கே வந்து விசாரித்தபோது, கேட்ட கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். பதில் தேவைப்படும் இடத்தில் உள்ளதை மட்டும் சொல்வது பொறுமைக்கு விரோதமில்லை. அன்று கடையே திறக்கவில்லை என்றால், திறக்கவில்லை என்று ஒரு வரி எழுதலாம். எழுதியவரின் வளர்ப்பைப் பற்றிய இரண்டாவது வரி வந்தால், அது கடைக்காக எழுதியது ஆகாது.

உரிமையாளரின் சமநிலை கடைசியில் தெரிவது வேலையாட்களிடம்தான். வாடிக்கையாளருக்கு இனிக்க இனிக்க மன்னிப்பு எழுதிவிட்டு, அந்தக் கோபத்தைச் சரக்கு மாஸ்டர் மீதும் சப்ளையர் மீதும் கொட்டுபவர் நிந்தையைத் தாங்கியவர் அல்லர், கைமாற்றியவர். ‘சப்ளையர் முகம் கொடுத்துப் பேசவில்லை’ என்று பௌர்ணமி இரவைப் பற்றி ஒரு வரி வந்திருந்தால், அந்தச் சப்ளையர் அன்று எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார், இடையில் ஒரு வாய் சாப்பிட்டாரா என்பதுதான் உரிமையாளர் முதலில் கேட்க வேண்டியது. அடுத்த பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு பேரை வேலைக்கு வைக்கலாமா என்பது அதற்கடுத்த கேள்வி.