காணாததை எண்ணியவர்கள்

தரையில் குடம் இல்லை. அது இல்லை என்று எப்படித் தெரிந்தது? கண்ணில் பட்டது வெறும் தரைதான். குடத்தின் ‘இல்லாமை’ கண்ணில் பட்டதா?

இந்தச் சின்னக் கேள்வியை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவ மரபுகள் பல நூறு ஆண்டுகள் வாதிட்டன. காணாமை என்பதே அறிவுக்குத் தனி வழி என்றார் மீமாம்சகரான குமாரில பட்டர். இன்மையும் காட்சியில் அடங்கியதுதான், அதற்குத் தனி வழி வேண்டாம் என்றார்கள் நையாயிகர்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி அடுக்கும் பத்து அளவைகளுள், அதாவது அறியும் வழிகளுள், ‘அபாவம்’ என்ற பெயரில் இதுவும் ஒன்று. எந்தப் பெயரில் வைத்தாலும் ஒரு நிபந்தனை உண்டு: அந்தப் பொருள் இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதை வைத்துக் குடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

1988இல் பாரீஸை அடுத்த கிளமார் ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் சிக்கிக்கொண்டது இந்த நிபந்தனையில்தான். அங்கே குடத்தின் இடத்தில் இருந்தது பேசோஃபில் என்ற வெள்ளணு.

நூறு வெள்ளணுக்களை எண்ணினால் அதில் ஒரு பேசோஃபில்கூடத் தட்டுப்படாமல் போகலாம். ரத்தத்தில் அவ்வளவு அரிது. ஜெர்மனியில் சாயங்களைக் கொண்டு செல்களை ஆராய்ந்துவந்த பால் எர்லிக் 1879இல் இதை அடையாளம் காட்டினார். காரச் சாயம் பட்டதும் உள்ளிருக்கும் துகள்கள் கருநீலமாகத் திரண்டு தெரியும். அந்தத் துகள்களில் இருப்பது ஹிஸ்டமின்: அரிப்பு, தடிப்பு, மூக்கொழுகல் எல்லாவற்றிலும் இதற்குப் பங்குண்டு. செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும். ஒவ்வாத பொருள் வந்து இரண்டு ஐஜிஇகளைப் பாலம்போல இணைத்தால், துகள்கள் வெளியே கொட்டிவிடும்.

துகள் கொட்டிய செல் சாயத்தை ஏற்காது. அந்தக் காலத்து பேசோஃபில் சோதனை முழுவதும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் நடந்தது. கட்டம் கீறிய கண்ணாடியில் ஒரு துளியை விட்டு, நுண்ணோக்கியில் குனிந்து, நிறமேறிய பேசோஃபில்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஒவ்வாத பொருள் சேர்த்த துளியில் எண்ணிக்கை குறைந்திருந்தால், குறைந்தவை எல்லாம் ‘வினைபுரிந்தவை’ என்று கணக்கு. அதாவது, காணாமற்போனவையே சாட்சி.

அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜாக் பென்வெனிஸ்த், ஒவ்வாமைத் துறையில் மதிக்கப்பட்ட விஞ்ஞானி. ஐஜிஇக்கு எதிரான சீரத்தை அவருடைய குழு திரும்பத் திரும்ப நீர்த்தது. அதன் மூலக்கூறு ஒன்றுகூட மிஞ்ச வழியில்லாத நிலையிலும் பேசோஃபில்கள் குறைந்தன என்று 13 பேர் கையெழுத்திட்ட கட்டுரை ‘நேச்சர்’ இதழில் 1988 ஜூன் 30 அன்று வெளியானது. தண்ணீருக்கு நினைவு உண்டா என்று உலகம் கேட்டது. இப்படி மிகவும் நீர்த்த மருந்துகளைத் தரும் ஹோமியோபதியை நம்புவோருக்கு அது பெரிய செய்தி. குழுவில் இருவருக்கு ஒரு ஹோமியோபதி மருந்து நிறுவனம் சம்பளம் தந்துவந்ததும் பிறகு பேசுபொருளானது.

நேரில் வந்து பார்ப்போம் என்ற நிபந்தனையோடுதான் இதழாசிரியர் ஜான் மேடாக்ஸ் கட்டுரையை வெளியிட்டிருந்தார். ஜூலையில் அவரும், அறிவியல் மோசடிகளை ஆராய்ந்துவந்த வால்டர் ஸ்டூவர்ட்டும், மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியும் கிளமாருக்குப் போனார்கள். எந்தக் குழாயில் நீர்த்த சீரம், எந்தக் குழாயில் வெறும் நீர் என்பது எண்ணுபவருக்குத் தெரியாதபடி குறியீடு இட்டார்கள். குறியீட்டின் விளக்கத்தை உறையிலிட்டு, அலுமினியத் தாளால் சுற்றி, ஆய்வுக்கூடத்தின் மேற்கூரையில் ஒட்டினார்கள். எல்லோர் கண்ணும் படும் இடம். ஆனால் யார் கையும் எட்டாது.

அந்த உறையைப் பிரித்தபோது விளைவு மறைந்துபோயிருந்தது. நீர்த்த சீரத்துக்கும் வெறும் நீருக்கும் எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை.

இங்கேதான் பழைய நிபந்தனை திரும்ப வருகிறது. ஒரு பேசோஃபில் கண்ணில் படாததற்குக் காரணம் மூன்று இருக்கலாம். அது துகளைக் கொட்டியிருக்கலாம். அரிய செல் என்பதால் அந்தத் துளியில் வந்து விழாமலே இருந்திருக்கலாம். அல்லது, பாதி நிறமேறிய ஒன்றைச் சேர்ப்பதா விடுவதா என்ற தயக்கத்தில் எதிர்பார்ப்பு முடிவைச் சொல்லியிருக்கலாம். ஒரே மாதிரியை இரண்டு முறை எண்ணியபோது வந்த எண்கள், தற்செயல் அனுமதிப்பதைவிட நெருக்கமாக ஒத்துப்போனதை மூவரும் கவனித்தார்கள். எண்ணிய கண் நேர்மையானதுதான். ஆனால் அது காத்திருந்த கண். ‘இருந்திருந்தால் தெரிந்திருக்கும்’ என்ற உறுதி அங்கே இல்லை. அது இல்லாத இடத்தில் காணாமை அறிவாகாது என்பதைத் தர்க்க நூலார் எப்போதோ சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 28 அன்று வந்த அறிக்கை அந்த முடிவுகளை மாயை என்றது. அந்தச் சொல் பென்வெனிஸ்தை ஆழமாகக் காயப்படுத்தியது. தன் மீது வேட்டை நடப்பதாகவே அவர் கருதினார்; 2004இல் இறக்கும்வரை தன் நிலையிலிருந்து இறங்கவில்லை. அவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம். தான் கண்டதை நம்பியவர் அவர். அவர் கண்டது ஒரு வெற்றிடத்தை என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது.

பேசோஃபில் சோதனை இன்றும் நடக்கிறது. செல் துகளைக் கொட்டும் கணத்தில், அதுவரை உள்ளே இருந்த சிடி63 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஒளிரும் எதிர்ப்பொருள் ஒன்று அதைப் பற்றிக்கொள்ள, லேசர் கதிரின் குறுக்கே செல்கள் ஒவ்வொன்றாக ஓட, கருவி எண்ணுகிறது. கொட்டிய செல் இப்போது மறைவதில்லை, மின்னுகிறது.