கடலும் ஐந்தொகையும்

சந்திரன் கூலி கேட்பதில்லை. ஆயினும், அது எழுப்பும் வற்றுப்பெருக்கை மின்சாரமாக்கும் பெருநிலையங்கள் உலகில் மிகச் சிலவே. ஏன்? ஆக்கச்செலவு முழுவதையும் முதலிலேயே இடவேண்டும். பலனோ ஆண்டாண்டாகவே வரும்.

பிரான்சின் றான்ஸ் கழிமுகத்தில் 1966இல் அரசு நிறுவிய 240 மெகாவாற் நிலையம் இன்றும் இயங்குகிறது. அதனை விஞ்சிய நிலையமொன்று, தென் கொரியாவின் சிஹ்வாவில், 2011இலேயே எழுந்தது. அலையின் கதையும் வேறன்று. 2008இல் போர்த்துக்கல் கடலில் மிதக்கவிட்ட அலைப்பொறிகள் சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்துவரப்பட்டன. பழுதும் நேர்ந்தது, பணமுடையும் நேர்ந்தது. பழுதைத் திருத்தலாம், இலாபத்துக்குப் பொறுமை கற்பிக்க யாரால் இயலும்? பனங்கொட்டை நட்டவன் மறுமாதம் நுங்கு கேட்பதில்லை. ஆகவே, காத்திருக்கும் கடமை சமுதாயத்துடையது என்கிறோம்.

ஆனால், பொதுவுடைமை என்னும் பெயர் மட்டும் நம்மைக் குற்றமற்றவராக்கிவிடாது. றான்ஸ் அணை எழுந்தபோது ஏறத்தாழ மூன்றாண்டுகள் கடல்நீர் தடுக்கப்பட்டது. கழிமுகத்து உயிரினங்கள் பெருமளவில் மடிந்தன. அவை மீளப் பல்லாண்டுகள் சென்றன. இலாபத்தை மட்டும் எழுதும் ஐந்தொகையை நிராகரிக்கும் நாம், அழிவை எழுதாத ஐந்தொகையையும் நிராகரித்தல் வேண்டும். நாளைய தலைமுறைக்காக நாம் செலவிடலாம். அச்செலவை வாயற்ற உயிர்களின் தலையில் சுமத்த நமக்கு உரிமையில்லை.