கண்ணோட்டமும் ஒற்றாடலும்

திருக்குறளின் பொருட்பாலில், அரசியல் என்னும் பகுதியில், 58ஆம் அதிகாரமாக நிற்பது கண்ணோட்டம். அதனை அடுத்து 59ஆம் அதிகாரமாக நிற்பது ஒற்றாடல். இரண்டும் பார்வையைப் பற்றியவை. முன்னது, பிறர்மேல் கண் சென்றவிடத்து நெஞ்சில் எழும் இரக்கத்தைச் சொல்வது. பின்னது, பிறர் அறியாவண்ணம் அவர் செய்வதைக் கண்டறியும் தொழிலைச் சொல்வது. பார்க்கப்படுபவர் தம்மைப் பார்ப்பவரை அறிவாரா, அறியமாட்டாரா என்பதே இவ்விரண்டுக்கும் இடையே நாம் காணும் முதல் வேறுபாடு. ஆள்பவனுக்கு உரியனவாக வள்ளுவர் வகுத்த இவ்விரு பார்வைகளும், இன்று காமிரா வைத்திருக்கும் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்திருக்கின்றன. பிறர் உருவத்தை எடுத்து வைத்துக்கொள்ளும் ஆற்றலும் ஒருவகை அதிகாரமே அன்றோ? அதனை எவ்வளவு தொலைவில் நின்று, யார்மீது, எவ்வாறு செலுத்துவது? படம் எடுக்கக் கற்பவர் எவரும் இவ்வினாவைக் கடந்து செல்ல இயலாது.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இவ்வினாவை ஆராயச் சாலையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் இக்கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. நெல்லைச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இத்தெருவின் வாணிகத்தில் வேரூன்றின. தோவாளைப் பூ வந்திறங்குவதும், ஆற்றுகால் பொங்கலுக்கு முன்னர் மண்பானைகள் அடுக்கடுக்காக எழுவதும், ஓணத்தை ஒட்டித் தெருவே நெரிவதும் காமிராவுக்கு விருந்தான காட்சிகள். நம் இல்லத்துப் பிள்ளைகள் மிரர்லெஸ் காமிரா ஒன்றை வாங்கியதும் இத்தெருவுக்குச் செல்ல விரும்புவது இயல்பே. அங்கே சென்றதும் அவர்கள் எதிர்கொள்ளும் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, எந்த லென்ஸைப் பொருத்துவது என்பது. மற்றொன்று, படத்தின் கூர்மையை எந்திரத்திடம் விடாமல் கையால் அமைப்பது. இவ்விரண்டும் வெறும் தொழில்நுட்பப் பாடங்கள் அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து.

லென்ஸும் தொலைவும்

லென்ஸ்களை 28, 50, 200 என்று மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பிடுகிறோம். இது குவியத்தூரத்தின் அளவு. எண் சிறிதாயின் காட்சி விரியும். பெரிதாயின் காட்சி குறுகித் தொலைவில் உள்ளது அண்மையில் வந்து நிற்பதுபோலத் தோன்றும். கற்கத் தொடங்குவோர், பெரிய எண்ணுள்ள லென்ஸ் பொருள்களை நெருக்கிக் காட்டுகிறது என்றும், சிறிய எண்ணுள்ளது விலக்கிக் காட்டுகிறது என்றும் கருதுவர். உண்மையில் முன்னே உள்ளதற்கும் பின்னே உள்ளதற்கும் இடையே தோன்றும் அளவு வேறுபாட்டை முடிவு செய்வது லென்ஸ் அன்று. நாம் நிற்கும் தொலைவே. லென்ஸ், அத்தொலைவிலிருந்து காண்பதில் எவ்வளவைச் சட்டத்துக்குள் வைப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. ஆகவே லென்ஸைத் தேர்வது என்பது, நாம் எங்கே நிற்கப் போகிறோம் என்பதைத் தேர்வதாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 36க்கு 24 மி.மீ. அளவுள்ள உணரியைக் கொண்ட காமிராவை நெடுக்காகப் பிடித்து, நிற்கும் மனிதர் ஒருவரைத் தலை முதல் கால் வரை சட்டம் நிறைய எடுக்க வேண்டுமாயின், 28 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவான தொலைவில் நிற்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் வேண்டும். 200 மி.மீ. லென்ஸுக்கோ பத்து மீட்டர் அளவு விலகி நிற்க வேண்டும்.

இந்த மூன்று தொலைவுகளும் மூன்று உறவுகள். இரண்டரை மீட்டருக்குள் நின்றால், மூட்டை இறக்கி வைத்து வியர்வை துடைக்கும் தொழிலாளி நம்மைக் காண்பார். எதற்கென்று கேட்பார்; வேண்டாமென்று கையசைப்பார்; சிரிக்கவும் கூடும். பத்து மீட்டருக்கு அப்பால் நின்றால் இவற்றில் எதுவும் நிகழாது. அவர் முகத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் நமக்குத் தெரியும். நாம் ஒருவர் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. உருவம் அண்மையில் வந்துவிட்டது. மனிதர் தொலைவிலேயே நின்றுவிட்டார். 

கண்ணோட்டம் என்பதற்குப் பரிமேலழகர் தரும் விளக்கம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. தம்மோடு பழகியவரைக் கண்டால் அவர் கூறியதை மறுக்கமாட்டாத தன்மை என்று அவர் உரைக்கிறார். அவர்மேல் கண் செல்லும்போது நிகழ்வதாதலின் அப்பெயர் பெற்றது என்கிறார். பழக்கம் வேண்டும், பிறர் சொல் காதில் விழும் தொலைவில் நிற்கவும் வேண்டும். வேண்டாம் என்ற சொல் வந்து சேராத தொலைவில் நின்றுகொண்டு, அவர் மறுக்கவில்லையே என்று அமைதி கொள்வது கண்ணோட்டம் ஆகாது.

கையால் அமைக்கும் கூர்மை

இனி இரண்டாம் பாடம். தானாகவே கூர்மை அமைக்கும் காமிராவாகக் கோனிகா சி35 ஏஎஃப் 1977இல் விற்பனைக்கு வந்தது. 1985இல் மினோல்டா 7000 வந்தபின், லென்ஸ் மாற்றும் காமிராக்களிலும் அவ்வசதி பரவியது. 2008இல் பானாசோனிக் ஜி1 வெளிவந்ததிலிருந்து, உள்ளே ஆடி இல்லாத மிரர்லெஸ் காமிராக்கள் பெருகின. இன்றைய காமிராக்கள் சட்டத்துக்குள் மனிதக் கண் எங்கிருப்பினும் தேடிப் பிடித்துக் கூர்மையாக்குகின்றன. ஆயினும் கையால் கூர்மை அமைப்போருக்கு இவையே நல்ல துணை என்பது வியப்பு. உணரியில் விழும் பிம்பத்தையே காட்சித் துளையில் காணலாம். வேண்டிய இடத்தைப் பலமடங்கு பெருக்கிப் பார்க்கலாம். கூர்மை பெற்ற விளிம்புகளை வண்ணக் கோடிட்டுக் காட்டவும் செய்யலாம். முந்தைய தலைமுறையின் லென்ஸ்களும் இவற்றில் பொருந்தும். பழைய நிக்கான் காமிராக்களில் லென்ஸின் பிடிப்பிடத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மி.மீ. இடைவெளி உண்டு; சோனி மிரர்லெஸ் காமிராவிலோ பிடிப்பிடத்துக்கும் உணரிக்கும் இடையே 18 மி.மீ. மட்டுமே. எஞ்சிய இடைவெளியை ஒரு வளையம் நிரப்பிவிடும். அலமாரியில் உறங்கிய தாத்தாவின் லென்ஸ் பேரனின் காமிராவில் கண் திறக்கும்.

கையால் அமைப்பதன் தேவை சாலையில் எளிதில் விளங்கும். பூக்கடையின் முன் தொங்கும் மாலைச் சரங்களுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. எந்திரம் பலவேளை முன்னே உள்ள சரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். குறுக்கே செல்பவர் முகம் ஒன்று தோன்றினால், கூர்மை அதன்மேல் தாவிவிடும். எது அண்மையில் உள்ளது, எது கண் என்று அதற்குத் தெரியும். இப்படம் யாரைப் பற்றியது என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் படம் எடுப்பவரே.

சொல்வதற்கு ஒரு விலையும் உண்டு. 50 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 2 என்னும் அளவுக்குத் திறந்து, இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளவர்மேல் கூர்மை அமைத்தால், படத்தில் தெளிவாக நிற்கும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. ஏறக்குறைய 19 செ.மீ. பூ விற்பவர் முகம் துலங்கும்; அவருக்குப் பின்னால் கோணியைச் சுமந்து செல்பவர் வெறும் நிறத் தீற்றலாகக் கரைவார். துவாரத்தை எஃப் 8 ஆகச் சுருக்கினால் அவ்வாழம் முக்கால் மீட்டரைத் தாண்டும். 28 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்துச் சற்றேறக்குறைய 3.3 மீட்டரில் கூர்மையை நிறுத்தினாலோ, ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து தெருவின் மறுகோடி வரை அனைவரும் தெளிவர். ஒருவரைத் துலக்கப் பிறரை மங்கச் செய்வது குற்றம் அன்று. எல்லாப் பார்வையும் ஒரு தேர்வே. ஆனால் அத்தேர்வு நம்முடையதாக இருத்தல் வேண்டும். யாரை ஏன் மங்கச் செய்தோம் என்று கேட்டால், விடை சொல்ல நம்மால் இயல வேண்டும். கையால் வளையத்தைத் திருப்புபவர், ஒவ்வொரு முறையும் அவ்வினாவைத் தமக்குள் கேட்டுக்கொள்கிறார். கற்பதன் பயன் அதுவே.

மூன்று தடைகள்

இங்கே தடை எழுப்புவோர் உண்டு. அண்மையில் சென்று அனுமதி கேட்டால் இயல்பு கெட்டுவிடாதா என்பது முதல் தடை. கெடும், ஆனால் முதல் சில நொடிகளுக்கே கெடும். தராசில் எடை போட வேண்டியவர் எவ்வளவு நேரம் நம்மையே நோக்கி நிற்பார்? மறுநாளும் அதே இடத்துக்குச் செல்பவருக்குத் தெரு தன் இயல்பைத் தானே திருப்பித் தரும். இதற்குச் சாலையிலேயே சான்று உண்டு. 2021 ஜனவரியில் மறைந்த ஆ. மாதவன், இக்கடைத்தெருவில் கடை வைத்து வாழ்ந்த எழுத்தாளர். கடைத்தெருக் கதைகளை எழுதியவர். 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்றவர். அவர் எழுதிய மனிதர்களை ஒளிந்திருந்து பார்க்கவில்லை. அவர்களும் நாள்தோறும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரே இடம், ஒரே தொலைவு, நீண்ட காலம். ஒற்றை லென்ஸுடன் பழகுவோர் நாடுவதும் இதுவன்றோ? இயல்பு என்பது மறைந்திருப்பவனுக்குக் கிட்டும் பொருள் மட்டும் அன்று, பழகியவனுக்கும் கிட்டுவது.

தொலைவே இரக்கமாகும் இடம் இல்லையா என்பது இரண்டாம் தடை. உண்டு. அ. மாதவையாவின் மகனும் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் புகழ் பெற்றவருமான மா. கிருஷ்ணன் (1912-1996), வெவ்வேறு காமிராக்களின் உறுப்புகளையும் லென்ஸையும் தாமே இணைத்து அமைத்த கருவிக்குச் சூப்பர் பாண்டரோசா என்று பெயரிட்டிருந்தார். கூட்டில் அமர்ந்த பறவையை நெருங்குவது கொடுமை. அங்கே விலகி நிற்பதே கண்ணோட்டம். பறவையிடம் அனுமதி கேட்க வழியில்லாததால் தொலைவைக் கைக்கொள்கிறோம். மனிதரிடமோ கேட்க வழி இருக்கிறது.

தீமையை வெளிக்கொணர மறைந்து நின்று எடுப்பதும் தவறா என்பது மூன்றாம் தடை. வள்ளுவர் ஒற்றாடலை இழித்துரைக்கவில்லை. ஆள்பவனின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்தார். வலியவர் மறைக்கும் குற்றத்தை வெளிப்படுத்த மறைந்து பார்ப்பதற்கு நியாயம் உண்டு. ஆனால் கூலிக்குச் சுமப்பவர் எந்தக் குற்றத்தை மறைக்கிறார்? அவர் களைத்து அமர்ந்திருப்பதை ஒற்றறிந்து, அழகிய படம் என்று சுவரில் மாட்டுவதற்கு அந்நியாயம் துணை வராது.

பார்க்கப்பட்டவரின் கடமை

இவ்வினா நமக்குப் பிறரினும் கூடுதலாக உரியது. நாம் பார்க்கப்பட்டவர்கள். பாண்டி என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் நெல்லையும் மதுரையும் நாஞ்சில் நாடும் ஒன்றாக அடைக்கப்பட்டு, தொலைவிலிருந்தே அளக்கப்பட்ட அனுபவம் இந்நாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதன்று. அருகே வந்து பெயர் கேட்டவர்களே அச்சொல்லைக் கடந்து நம்மை அறிந்தார்கள்; அவ்வாறு அறிந்தவர்களும் மிகப்பலர்.

இன்று காலம் மாறியிருக்கிறது. வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் ஆகிய இடங்களிலிருந்து வந்தோர் கேரளம் எங்கும் உழைக்கின்றனர். அவர்களை நாம் எவ்வாறு பார்க்கிறோம்? வடக்கிலிருந்து வந்தவர்கள் என்னும் ஒரே சொல்லுக்குள் அடைத்துப் பத்து மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கிறோமா? அல்லது இரண்டு மீட்டர் அருகே சென்று பெயர் கேட்கிறோமா? முன்பு நம்மைத் தொலைவில் வைத்த லென்ஸ் இன்று நம் கையில் இருக்கிறது.

எனவே காமிரா கற்கும் இளைஞர்க்கு ஒன்று சொல்லலாம். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். அதனைக் கொண்டு ஒரு மாத காலம் சாலையின் ஒரு பகுதியில் மட்டும் பழகுங்கள். தானியங்கி வசதியை நிறுத்திவிட்டு, வளையத்தைக் கையால் திருப்பப் பழகுங்கள். கேட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் காமிராவைத் தாழ்த்துங்கள். எடுத்த படத்தை அச்சிட்டு, அதில் உள்ளவரிடமே ஒரு பிரதி கொடுங்கள். முதியோர்க்கும் கண்பார்வை குறைந்தோர்க்கும் தானியங்கி வசதி நல்ல உதவியே. அதனைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. யாரைப் பார்க்கிறோம் என்பதை எந்திரம் முடிவு செய்ய விடலாகாது என்பதே நாம் சொல்வது.

கண்ணோட்டம் என்ற சொல்லை இன்று நாம் ஒருவர் ஒன்றைக் காணும் கோணம் என்னும் பொருளில் வழங்குகிறோம். வள்ளுவருக்கு அது காணப்படுபவர்மீது கொள்ளும் இரக்கம். அவ்விரக்கம் இல்லாத கண்ணைப் புண் என்று கருதியவர் அவர். லென்ஸ் நமக்கு முதற்பொருளைத் தரும். அதற்கு விலை கொடுத்தால் போதும். இரண்டாம் பொருள் கடையில் கிடைப்பதன்று. நாம் நடந்து சென்று அருகில் நின்றால்தான் அது வாய்க்கும்.