சோதனையும் நிந்தனையும்

கடவுள் உண்டா இல்லையா என்னும் வழக்கு கத்தோலிக்கருக்கும் இறைமறுப்பாளருக்கும் இடையே தத்துவத் தளத்தில் நடக்கும்போது எவருக்கும் தீங்கு நேர்வதில்லை. 1948-இல் இயேசு சபைக் குருவான காப்பிள்ஸ்டனும் பெர்ட்ரண்டு ரசலும் பி.பி.சி. வானொலியில் வாதிட்டபோது இருவரும் இணங்கவுமில்லை, பகைத்துக்கொள்ளவுமில்லை. அதே வழக்கு ஒரு கல்லையோ சுரூபத்தையோ சுற்றி எழும்போதுதான் அறநெறிச் சிக்கல் தொடங்குகிறது.

பல்லாவரம் வட்டாரத்தில் இத்தகைய கற்கள் இரண்டு கிடைத்துள்ளன. பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் கண்டெடுத்த, பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை 1558 முதல் 1704 வரை பலமுறை குருதி வியர்த்தது என்பது கத்தோலிக்க மரபு. அம்மலைக்குச் சற்றுத் தெற்கே பல்லாவரத்தில் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த பழைய கற்காலக் கருவியோ, உலகத்தின் வயது ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டுகள் என அக்காலக் கிறித்தவர் பலர் கொண்டிருந்த கணக்குக்குள் அடங்காத பழமையுடையது. பின்னதை எவரும் எடுத்துச் சோதிக்கலாம். முன்னதன் குருதியை இன்று சோதிக்க வழியில்லை. ஆகவே நம்புவோர் நம்ப, மறுப்போர் மறுக்க, அது பூசலின்றி நிலைத்திருக்கிறது. ஆனால் சிலுவையிலிருந்து இன்று, மக்கள் கண்முன்னே நீர் சொட்டினால் அதைச் சோதிக்கும் உரிமை யாருக்கு உண்டு?

இக்கேள்வி 2012-இல் மும்பையில் உண்மையாகவே எழுந்தது. விலே பார்லே பகுதியிலுள்ள வேளாங்கண்ணி மாதா ஆலயத்தின் பாடுபட்ட சுரூபத்தில், இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டவே, பக்தர்கள் அதைப் புனித நீரெனச் சேகரித்துச் சென்றனர். தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றின் அழைப்பின்பேரில் அங்கே சென்று பார்த்த பகுத்தறிவாளர் சனல் இடமருகு, அருகிலிருந்த வடிகால் அடைபட்டு, தேங்கிய நீர் நுண்துளை ஈர்ப்பால், அதாவது திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, சுவருக்குள் மேலேறி, சுரூபத்தை அறைந்திருந்த ஆணித்துளை வழியே கசிகிறது என்று விளக்கினார். அத்தோடு நில்லாமல், திருச்சபை பணத்துக்காகப் புதுமைகளை, அதாவது இயற்கைக்கு மீறிய அருஞ்செயல்களை, உருவாக்குகிறது என்றும் தொலைக்காட்சி விவாதத்தில் குற்றஞ்சாட்டினார். கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்புகள் காவல் நிலையங்களில் புகார் அளித்தன. கைதாகலாம் என்ற நிலையில் அவர் அதே ஆண்டில் பின்லாந்து சென்றார்.

இங்கே இரு வேறு கூற்றுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. நீர் எங்கிருந்து வருகிறது என்பது உலகில் நிகழும் ஒன்றைப் பற்றிய கூற்று. அதற்கு விடை காண்பது எவரையும் இழிவுபடுத்துவதாகாது. அந்நீர் வடிகாலிலிருந்து வருகிறதென அறிந்தவர், பக்தரின் மனம் புண்படுமே என்று வாளாவிருந்தால், அது அவர்களுடைய உடல்நலத்தைக் கருதாத மரியாதையாகிவிடும். பணத்துக்காகச் செய்தார்கள் என்பதோ மனிதரின் உள்நோக்கத்தைப் பற்றிய கூற்று. அடைபட்ட வடிகால் அதற்குச் சான்றாகாது. மும்பை உயர்மறைமாவட்டம் அந்நிகழ்வைப் புதுமையென அறிவித்ததும் இல்லை. சான்று கேட்பதையே தன் அறமாகக் கொண்ட பகுத்தறிவாளர், சான்றில்லாத இடத்திலும் தீர்ப்பு வழங்கியது அவர் ஏற்ற நெறிக்கே முரணானது.

ஆயினும் அவருடைய இம்மீறலையும், காவல் நிலையத்தை நாடியோரின் மீறலையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. தவறான குற்றச்சாட்டை மறுப்புரையால் எதிர்கொள்ளலாம். கைது ஆணையை எந்த மறுப்புரையாலும் எதிர்கொள்ள முடியாது. புகார்களுக்கு அடிப்படையான இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295அ பிரிவு 1927-இல் சேர்க்கப்பட்டது. ஒரு வகுப்பாரின் சமய உணர்வுகளை வேண்டுமென்றே, தீய நோக்குடன் புண்படுத்துவதை மட்டுமே அது குற்றமாக்கியது. இவ்வரம்பைச் சுட்டியே உச்ச நீதிமன்றம் 1957-இல் அப்பிரிவு செல்லும் என்றது. நடைமுறையிலோ தீய நோக்கம் இருந்ததா என்பதை நீதிமன்றம் ஆராயுமுன்பே, வழக்கே தண்டனையாகிவிடுகிறது. சிறுபான்மையினருக்கு இத்தகைய காப்பு தேவை என்னும் வாதத்தை எளிதில் ஒதுக்க இயலாது. ஆனால் காப்பாகக் கருதப்படும் பிரிவு யார்மீதும் பாயக்கூடியது, வேற்றுச் சமயத்தை விமரிசிக்கும் கிறித்தவப் போதகர் மீதும்.

திருச்சபையின் போதனையும் புகார் கொடுத்தோருக்குப் பெரிதாகத் துணைநிற்கவில்லை. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம், நாத்திகத்தை மறுத்தபோதிலும், அது தோன்றுவதில் நம்பிக்கையாளரின் குறைகளுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொள்கிறது. உலகை நன்முறையில் கட்டியெழுப்ப இரு சாராரும் உழைக்கவேண்டும் என்றும், அதற்கு நேர்மையான உரையாடல் தேவை என்றும் கூறுகிறது. பிரான்சிலுள்ள லூர்து நகரின் மருத்துவக் குழுவிடம் பதிவான குணமடைதல்கள் ஏழாயிரத்துக்கு மேல். அவற்றுள் ஆயர்கள் புதுமையென ஏற்றவை எழுபதைச் சற்றே தாண்டுகின்றன. ஐயுறுவதைத் திருச்சபை இவ்வாறு தன் அலுவலாகவே ஆக்கிக்கொண்டிருக்கையில், வெளியிலிருந்து ஐயுறுபவரைக் குற்றவாளியாக்குவது பொருந்தாது.

பரங்கிமலையில் உயிர்நீத்ததாக மரபு கூறும் சீடர் தோமா, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர். அவரைத் தம் கட்சிக்காரராக்கிக்கொள்ள நாத்திகர் விழைவதுண்டு. அது செல்லாது, ஏனெனில் நற்செய்தி நூல் காணாமலே நம்புவோரைத்தான் பேறுபெற்றோர் என்கிறது. கத்தோலிக்கர் கவனிக்க வேண்டியது வேறொன்று: அந்நூலின்படி ஐயுற்றவர் சீடர் கூட்டத்திலிருந்து விலக்கப்படவில்லை, சோதிக்குமாறு அழைக்கப்பட்டார். மும்பை ஆலயத்தில் பங்கு நிருவாகமே முதல் நாளில் குழாய்ப் பணியாளரை அழைத்திருந்தால், இடமருகு சொல்வதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. புகார்களுக்கு இடந்தந்த 295அ பிரிவின் வாசகமோ, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 299-ஆம் பிரிவாகப் பெரிய மாற்றமின்றித் தொடர்கிறது.