மாதிரிச் சிப்பியும் ஆய்வுகூட எலியும்

மன்னார்க் கடலோரத்தே, சிலாவத்துறைக்கு அண்மையில் அமைந்த கொண்டச்சி ஒரு காலத்தில் முத்துக்குளிப்பினாற் பெயர் பெற்றிருந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சலாபப் பருவத்தில் அதன் வெறுங்கரை பல்லாயிரவர் கூடும் பட்டினமாக மாறிற்று. கரையிற் குவிக்கப்பட்ட சிப்பிகள் அழுகவிடப்பட்டன. பின்னர் அவற்றின் ஊனைக் கழுவி முத்துத் தேடினர். சலாபத்தை அறிவிக்குமுன் கடலடிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவை தந்த முத்தை மதிப்பிடுவது ஆங்கில ஆட்சியில் வழக்கமாயிற்று. சிலவற்றின் அழிவைக்கொண்டு பலவற்றின் தன்மையை அறியும் இம்முறையே இன்றைய மருந்தாய்வுக்கும் அடிப்படையாக உள்ளது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாதிரிச் சிப்பி தன் இனத்துக்கே சாட்சி. ஆய்வுகூட எலியோ தன் இனமல்லாத மனிதனுக்காகச் சாட்சி சொல்ல அழைக்கப்படுகின்றது. அச்சாட்சியம் எத்துணை ஏற்கத்தக்கது? அதனைப் பெற்றவனுக்குரிய கடமை யாது?

நீரிழிவு மருத்துவம் விலங்குகளுக்குப் பட்ட கடன் பெரிது. 1889இல் மிங்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் நாயொன்றின் சதையியை அகற்றியபோதே அவ்வுறுப்புக்கும் இந்நோய்க்குமுள்ள தொடர்பு புலனாயிற்று. 1921இல் ரொறன்ரோவில் நாய்களின்மீது நிகழ்ந்த ஆய்வின் பயனாக, 1922 சனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதுவரை சாவையே எதிர்நோக்கியிருந்த பிள்ளைகள் வாழத் தொடங்கினர். கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் வள்ளுவர் மரபினர்க்கும் இவ்வுண்மையைப் புறந்தள்ளுதல் எளிதன்று. அவ்வாறே, இப்பயனைக் காட்டி அந்நாய்களின் துன்பத்தைப் பொருட்படுத்தாது விடுதலும் முறையன்று.

விலங்கின் சாட்சியத்தை மனிதன் எவ்வாறு கேட்டான் என்பதற்கு இரு மருந்துகள் எடுத்துக்காட்டாகும். முதலாவது றொசிகிளிட்டசோன். இது கொடுக்கப்பட்ட சுண்டெலி, எலி, நாய் ஆகியவற்றின் இதயங்கள் எடை மிகுந்து காணப்பட்டன. இரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகியதனால் இதயத்தின் வேலைப்பளு கூடியிருக்கலாமெனக் காரணமும் கூறப்பட்டது. 1999இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து மனித உடலிலும் நீரைத் தேக்கி இதயத்தைத் தளர்ச்சியுறச் செய்யக்கூடும் என்பதற்கு, அங்கு மிகக் கடுமையான எச்சரிக்கை 2007இலேயே இடப்பட்டது. மாரடைப்புப் பற்றி எழுந்த வேறோர் ஐயத்தால் 2010இல் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது. அவ்வையத்தை முன்னிட்டு விதித்த கட்டுப்பாடுகளை 2013இல் ஐக்கிய அமெரிக்கா தளர்த்திற்று. இதயத் தளர்ச்சி பற்றிய எச்சரிக்கையோ நீங்கவில்லை.

இரண்டாவது கனகிளிபுளோசின். ஈராண்டு ஆய்வில் இம்மருந்து எலிகளின் சிறுநீரகத்தில் கட்டிகளை மிகுவித்தது. எலியின் சாட்சியத்தை அப்படியே ஏற்றிருந்தால் மருந்து அன்றே கைவிடப்பட்டிருக்கும். ஆய்வாளர் ஏனென்று வினவினர். எலியின் குடலில் வெல்லம் உறிஞ்சப்படாமையும் அதனால் நேர்ந்த கல்சிய மாற்றமுமே காரணமென ஐயுற்று, உணவை மாற்றிப் பார்த்தனர். அந்தத் தீங்கு தோன்றவில்லை. 2019இல் வெளியான, 4,401 நோயாளரைக் கொண்ட ஆய்வில், சிறுநீரகச் செயலிழப்பு முதலிய கேடுகளை இம்மருந்து ஏறத்தாழ 30 வீதம் குறைத்தமை தெரியவந்தது. எலியின் சிறுநீரகத்தை வருத்தியது மனிதனின் சிறுநீரகத்தைக் காத்தது.

சாட்சியைக் கூண்டிலேற்றும் முறையும் சாட்சியத்தைத் திரிக்கக்கூடும். எலிகளுக்கு நீரிழிவை உண்டாக்கப் பயன்படும் அலொக்சானின் அவ்வியல்பு, 1943இல் கிளாஸ்கோவில் சிறுநீரகச் சிதைவை ஆராய்ந்தபோது தற்செயலாகவே வெளிப்பட்டது. அத்தகைய இரசாயனம் ஏற்றிய விலங்கின் சிறுநீரகம் பழுதுற்றால், அது நோயின் விளைவா, மருந்தின் விளைவா, அன்றி நோயை உண்டாக்கிய நஞ்சின் விளைவா என்பதைப் பிரித்தறிதல் வேண்டும்.

இவற்றினின்று ஓர் அறநெறி பெறப்படுகின்றது. விலங்கு ஆய்வுக்கு இசைவு தருவதில்லை, தரவும் இயலாது. அதன் துன்பத்துக்கு மனிதன் காட்டக்கூடிய ஒரே நியாயம் அதனாற் பெறும் அறிவேயாகும். எனவே, சாதகமான சாட்சியத்தை ‘மனிதனுக்கும் பொருந்தும்’ என ஏற்று, பாதகமானதை ‘எலி வேறு, மனிதன் வேறு’ எனத் தள்ளுபவன் அறிவியலில் மட்டும் பிழை செய்பவனல்லன். தன் செயலுக்கிருந்த ஒரே நியாயத்தையும் தானே அழித்துவிடுகின்றான். இரண்டையும் ஒரே நிறைகோலில் இட்டு, காரணத்தை வினவி, விடையை மறைக்காது வெளியிடுதலே அவன் கடன். மாற்றுவழி காணல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என 1959இல் றசலும் பேர்ச்சும் வகுத்த மூன்று நெறிகளுடன் நேர்மையாகக் கேட்டல் என்னும் நான்காவதும் சேர்தல் தகும்.

கொண்டச்சிக் கரையில் அழுகிய சிப்பிகளை இன்று எண்ணுவாரில்லை. அவை ஈந்த முத்தும் எவரெவர் கழுத்துக்கோ போயிற்று. முத்து அணிகலன், அஃதின்றியும் மனிதன் வாழலாம். மருந்து அத்தகையதன்று. அதே கரையில் ஒரு கடற்றொழிலாளி காலைதோறும் விழுங்கும் நீரிழிவுக் குளிசைக்குப் பின்னாலும் பெயரறியா உயிர்கள் பல உள. அவற்றின் சாட்சியம் செவ்வனே கேட்கப்பட்டிருப்பின் அவரது இதயமும் சிறுநீரகமும் காக்கப்படும். கேட்கப்படாதாயின், அவ்வுயிர்களுக்கும் அவருக்கும் இழைக்கப்படும் அநீதி ஒன்றேயாகும்.